திலகா எங்கே போவாள்

இன்று காலை பேருந்தில் எனக்கு முன்னால் இருந்த பெண் கைப்பையைத் திறந்து ஒரு தைலக் குப்பியை எடுத்தாள். பச்சைத் தைலம். இரண்டு நெற்றிப்பொட்டிலும் தடவி, மிச்சத்தை மூக்குக்குக் கீழே இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த வாடை குளிர்காற்றோடு பின்னால் வந்ததும் நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விட்டேன். நகர்ந்த பிறகுதான் யாருக்கு விட்டேன் என்பது உறைத்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய நேபாளத்துப் பெண் அந்த இடத்தைப் பார்த்து, "தெரிமா காசே, காக்" என்று மலாயில் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. கூலிம் வரும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று இன்றுதான் தோன்றியது. நீ இருந்தவரை எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை. எதுவானாலும் மறுநாள் காலை சொல்லிவிடலாம்.

பதினோரு வருடம் நாம் ஒரே பேருந்தில் போனோம். சுங்கைப் பட்டாணியில் விடியுமுன் ஏறி, கூலிமில் கையுறைத் தொழிற்சாலை வாசலில் இறங்குவோம். எனக்கு முதல் நிறுத்தம், உனக்கு மூன்றாவது. முக்கால் மணி நேரப் பயணம். ஏறியதும் தூங்கிவிடுபவர்கள் பத்துப் பேர் போக, மிச்சம் இருந்த நம் எல்லாருக்கும் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: முந்தின நாள் ஏழு மணி நாடகம். அந்தக் குழந்தை உண்மையில் யாருடையது, காணாமல்போனவன் எப்போது வருவான், மாமியார் மனம் மாறுவாளா. முன் வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரைக்கும் ஆளுக்கு ஒரு கதை கட்டுவார்கள். நீ எல்லாரும் சொல்லி முடிக்கிற வரை காத்திருப்பாய்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை மாயமான அந்த வாரம் உனக்கு நினைவிருக்கும். யாரோ கடத்திவிட்டார்கள் என்பதில் பேருந்துக்குச் சந்தேகமே இல்லை. யார் கடத்தினார்கள் என்பதில்தான் சண்டை. பேக்கிங் பகுதியில் நமக்கு எதிர் மேசையில் நிற்கிற லதா, பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து உன்னைக் கேட்டாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க லா. யாரு தூக்கியிருப்பா?"

நீ, "கல்யாணத்துக்கு முந்தின நாளு அவன் சாப்டானா?" என்று கேட்டாய்.

"சாப்டானே. அவங்க அம்மா பக்கத்துல உக்காந்து பரிமாறினாங்க."

"எவ்ளோ சாப்டான்?"

"நல்லாத்தான் சாப்டான். ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினான்."

"அப்ப யாரும் தூக்கல. அவனாத்தான் போயிருக்கான். பயந்தவனுக்குச் சோறு எறங்காது. முடிவு பண்ணவன்தான் அப்டி சாப்புடுவான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்பது நாள் கழித்து மாப்பிள்ளை வேறொரு ஊரில், வேறொரு பெயரில் இருப்பதைக் காட்டினார்கள். மறுநாள் காலை நீ மூன்றாவது நிறுத்தத்தில் ஏறியபோது பேருந்தே கை தட்டியது. நாம் பாக்சிக், மாமா, என்று கூப்பிடும் மலாய்க்கார ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாடியில் நம்மைப் பார்த்து, யாருக்காவது கல்யாணமா என்று மலாயில் கேட்டார். நீ வாயை இறுக்க மூடிக்கொண்டு, முகம் முழுக்கச் சிரிப்போடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

அதற்குப் பிறகு உன் பேச்சுக்குத் தனி மரியாதை வந்தது. லதா ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். பேருந்தில் வருபவர்கள், அவர்களுடைய அக்கா தங்கைகள், கரங்கானில் இருக்கும் லதாவின் சின்னம்மா, இரவு ஷிப்டுக்காரர்கள் என்று அறுபது பேருக்கு மேல் சேர்ந்தார்கள். உன்னிடம் பொத்தான் போன்தான் இருந்தது. பெரிய போனைப் பார்த்தால் கண் வலிக்கிறது என்பாய். அதனால் குழுவில் வருவதை லதா உனக்குப் படித்துக் காட்டுவாள், நீ சொல்வதை "அக்கா என்ன சொல்றாங்கன்னா" என்று தொடங்கிக் குரலில் பதிவு செய்து அனுப்புவாள். யாரென்றே தெரியாதவர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

நீ எப்போதும் கேள்விதான் கேட்பாய். அவள் கையில் என்ன இருந்தது? அழுதாளா, அழுகிற மாதிரி இருந்தாளா? அவன் போகும்போது யாரைப் பார்த்துவிட்டுப் போனான்? நாங்கள் சரியாகப் பார்த்தோமா என்று சோதிக்கிறாய் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருமுறை நாடகத்தில் திலகாவாக நடித்தவள் விலகி, இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்டுப் புதியவளைக் கொண்டுவந்தார்கள். பேருந்தில் பெரிய கலவரம். பழையவளின் கண் எங்கே, இவளுடைய கண் எங்கே என்று பின் வரிசை கொதித்தது. நீ மட்டும் அமைதியாக இருந்தாய். "மொகம் மாறினா என்ன? ஆளு அதே ஆளுதானே" என்றாய். என்ன நிதானம் இவளுக்கு என்று நான் வியந்தேன்.

திலகா என்பவள் அந்த நாடகத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிற கல்யாணமாகாத தங்கை. கதை எழுதியவர்கள் அவளைக் கெட்டவளாகத்தான் வைத்திருந்தார்கள். அண்ணிக்கு வந்த கடிதத்தை ஒளிப்பாள், சமையலில் உப்பை அள்ளிப் போடுவாள், அண்ணன் காதில் இல்லாததைச் சொல்வாள். அவளுக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்பதில்தான் பேருந்தின் பாதிக் கற்பனை செலவாயிற்று. சிறை என்பார்கள், பைத்தியம் பிடிக்கும் என்பார்கள், தான் வைத்த விஷத்தைத் தானே குடிப்பாள் என்பார்கள். நீ ஒருத்திதான் அவள் பக்கம் பேசினாய்.

"அவ கெட்டவ இல்ல. அந்த வீட்டுல அவளுக்கு எடம் இல்ல. எடம் இல்லாதவ நடந்தா எதையாச்சும் தட்டி விட்டுக்கிட்டேதான் இருப்பா."

நீயும் அண்ணன் வீட்டில்தான் இருந்தாய். கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அம்மா அப்பா போன பிறகு, வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அண்ணன் குடும்பத்தோடு சுங்கைப் பட்டாணிக்கு வந்தவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நாடகம் நாடகமாக இருந்தது, நீ நீயாக இருந்தாய்.

ஒரு தீபாவளிக்கு உன் வீட்டுக்கு வந்தேன். உன் அண்ணி நல்ல மாதிரி. முறுக்கும் கோழிக் கறியும் வைத்து என்னை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச ஒன்றும் கிடைக்காமல் நான் நாடகத்தை எடுத்தேன். "நாத்தனாரும் அண்ணியும் ஒண்ணா உக்காந்து பாப்பீங்களா?" என்றேன்.

"எந்த நாடகம்? ஏழு மணிக்கா? அந்நேரம் பிள்ளைங்க ரிமோட்ட விடாதுங்க. நான் அப்புறமா ரூம்ல என் போன்ல பாத்துக்குவேன். இவங்களுக்கு டிவிலாம் பிடிக்காது. ஒருநாளும் வந்து உக்காந்ததில்லையே."

நீ அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லை. கை கழுவப் பின்பக்கம் வந்தபோது உன் அறையைப் பார்த்தேன். சலவை இயந்திரத்துக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு, ஒரு கட்டில், மேலே காயப்போட்ட பள்ளிச் சீருடைகள். அங்கிருந்து கூடத்துத் தொலைக்காட்சியின் சத்தம்கூடக் கேட்காது.

அந்த வாரம் கேன்டீனில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "நீ நாடகமே பாக்கறதில்லையா?"

நீ கையை நிறுத்தினாய். "யாரு சொன்னா?"

"ஒங்க அண்ணி."

சோற்றுப் பொட்டலத்தை மறுபடி மடித்தாய். பிறகு, "பஸ்ஸுல சொல்லிருவியா?" என்று மட்டும் கேட்டாய்.

"சொல்ல மாட்டேன்."

"நீங்கள்லாம் பேசறீங்கல்ல, அதுவே போதும் எனக்கு. ஒரு ஆளு விட்டத இன்னொரு ஆளு சொல்லிருவாங்க."

உன் கேள்விகளெல்லாம் எதற்கு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பல வருடம் நீ ஒரு காட்சிகூடப் பார்க்காமல், எங்கள் வாயிலிருந்தே அந்த மனிதர்களை உண்டாக்கி வைத்திருந்தாய். பார்த்துக்கொண்டிருந்த எங்களைவிட உனக்கு அவர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் முந்தின நாள் பாகத்தைப் போட்டேன். காதில் மாட்டும் ஒயரில் ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. நீ குனிந்து பார்த்தாய். நேரம் போகப் போக உன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"இதுவா திலகா?"

"ஆமா."

"இவ்ளோ மை போட்டிருக்கா." இன்னும் கொஞ்சம் பார்த்தாய். "இவ வேற ஆளு லா. நீ சொன்னவ இப்டி இல்ல." ஒயரைக் காதிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாய். "போதும். நீயே சொல்லு. நீ சொல்றதுதான் நல்லா இருக்கு."

இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம், மகள் ஜொகூரில் வேலைக்குப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மூன்று அறை வீட்டில் நான் மட்டும். நான் ஒன்றைச் சொல்வதை, அதை நான் சொல்கிறேன் என்பதற்காகவே கேட்க ஒருத்தி இருந்தாள். அன்றிலிருந்து உனக்காகத்தான் பார்த்தேன். யார் எந்தப் பக்கம் நின்றார்கள், கதவு திறந்திருந்ததா, தேநீரைக் குடித்தாளா, அப்படியே வைத்தாளா என்று எல்லாவற்றையும் கவனித்து வைத்துக்கொண்டு காலையில் பேருந்து ஏறுவேன்.

அடுத்து எழுத வேண்டியதை எழுதாமல் இவ்வளவு நேரம் சுற்றி வந்துவிட்டேன்.

நாடகத்தில் திலகா ஒளித்த கடிதம் வெளியே வந்த வாரம் அது. அண்ணன் அவளை அடித்து வெளியே தள்ளப்போகிறான் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ வழக்கம்போல் கடைசியில் பேசினாய்.

"தள்ள வேண்டியதில்ல. அவளே போயிருவா. ஒரு பையோட."

"எங்கக்கா போவா?" என்றாள் லதா. "அவளுக்கு யாரு இருக்கா?"

நீ லதாவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்லு. அவளுக்கு ஒரு கூட்டாளி இருக்கான்னு வச்சிக்க. தனியா இருக்கிற கூட்டாளி. வீட்டுல ஒரு ரூம் சும்மா கெடக்கு. திலகா போய்க் கதவத் தட்டினா அவ தொறப்பாளா?"

"நாடகத்துல அப்டி யாரும் இல்லியே."

"இருக்கான்னு வச்சிக்கயேன்."

பேருந்தே என் பதிலுக்குக் காத்திருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. எப்போதும் உன்னையே கேட்பவர்கள் அன்று என்னைப் பார்த்தார்கள். நான் சிரிக்கவைக்க நினைத்தேன். "திலகாவ யாரு சேத்துக்குவா? ஒரு வாரம் வச்சிப்பா. அப்புறம் உப்பு டப்பாவ ஒளிச்சி வைக்கணும். தனியா இருந்து பழகினவளுக்கு இன்னொரு ஆளு பாரம் லா."

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "ம்" என்றாய். பிறகு பையைத் திறந்து, எப்போதும் வைத்திருக்கும் பச்சைத் தைலத்தை எடுத்தாய்.

எனக்கு அப்போது புரியவில்லை என்றுதான் நெடுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. நீ "சும்மா கெடக்கு" என்று சொன்னபோது என் நெஞ்சில் எதுவோ ஒன்று தட்டியது. என் மகளின் அறை கண்முன் வந்து போனது. என் வீட்டின் அமைதி, என் இஷ்டத்துக்கு நான் எழுந்து படுக்கும் சுகம், எல்லாம் ஒரு நொடிக்குள் வந்து போயின. அந்த நொடியை மூடத்தான் நான் அப்படிச் சிரிக்கவைத்தேன். நீ மறுபடி கேட்கவில்லை. திலகாவைப் பற்றி அதற்குப் பிறகு நீ எதையும் சொல்லவில்லை. லதா கேட்டால், "பாப்போம்" என்பாய்.

ஏழு மாதம் அப்படிப் போயிற்று. உன் கால் வீங்க ஆரம்பித்தது. பேருந்துப் படியில் ஏறி வந்து உட்காரவே மூச்சு வாங்கினாய். ஒரு திங்கட்கிழமை மூன்றாவது நிறுத்தத்தில் யாரும் நிற்கவில்லை. மத்தியானம் உன் அண்ணன் மேற்பார்வையாளருக்கு அழைத்து, இதயத்தில் கோளாறு, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம் என்று சொன்னாராம்.

வேலை முடிந்து தினமும் வந்தேன். பார்வையாளர் நேரம் முடிகிற வரை முந்தின நாள் பாகத்தைச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய், நடுவில் கேள்வி கேட்பாய். நாலாம் நாள் திலகாவைப் பற்றிய காட்சி வந்தது. அவளைப் பின்கட்டு அறையில் பூட்டிவிட்டார்கள் என்று சொன்னேன்.

நீ கண்ணைத் திறக்காமலே, "அன்னைக்கு பஸ்ஸுல கேட்டேனே," என்றாய். "கூட்டாளி கதவத் தொறப்பாளான்னு."

நான் போர்வையை இழுத்து உன் காலை மூடினேன்.

"ஒன்னத்தான் கேட்டேன்."

"தெரியும்" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு, "நேராக் கேட்டிருக்கலாம்ல?" என்றேன், என் தப்பைக் கொஞ்சம் உன் தலையில் ஏற்றப் பார்ப்பதுபோல.

"நேராக் கேட்டு, நீ முடியாதுன்னுட்டா? அப்புறம் பஸ்ஸுல நான் எங்க போய் உக்கார்றது?"

கோபமே இல்லாமல் சொன்னாய். எனக்குத்தான் பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிற அளவுக்கு அழுகை வந்தது. நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சரி சரி. அப்புறம் பூட்டின ரூம்ல அவ என்ன பண்ணா, அதச் சொல்லு" என்றாய்.

அன்று இரவே உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் கூடத்தில் இருந்தார்கள். "டிஸ்சார்ஜ் ஆனதும் எங்கிட்ட அனுப்பி வைங்க," என்றேன். "ரூம் இருக்கு. டாய்லெட் பக்கத்துலயே. படி ஏற வேண்டியதில்ல."

அண்ணி முகம் மாறியது. "நாங்க என்ன கொற வச்சோம்?"

"கொறன்னு சொல்லலங்க. எனக்கும் ஆளு வேணும்."

அண்ணன் தரையைப் பார்த்தபடி, "அது கேட்டிச்சா?" என்றார்.

"கேட்டிச்சு. நான்தான் லேட்டாப் பதில் சொல்றேன்."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். நீ வருகிற நாளில் அவரே காரில் கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு பை இருந்தது.

நீ என் வீட்டில் இருந்தது இருபத்து மூன்று நாள். முதல் மூன்று நாளும் துணியைப் பையிலிருந்தே எடுத்து உடுத்தி, திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாய். நாலாம் நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது உன் சீப்பும் பவுடர் டப்பாவும் கண்ணாடி முன்னால் இருந்தன. நான் பார்க்காததுபோல் போய்விட்டேன். ஏழு மணிக்கு ரிமோட்டை உன் கையில் கொடுத்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, "எத அமுக்கறது?" என்றாய். நாடகம் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டாய். படம் முன்னால் ஓட, நான் பக்கத்தில் உட்கார்ந்து உனக்குச் சொன்னேன். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பேருக்கும் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும்.

நான் சமைத்ததை நீ ஒருமுறைகூட நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. எங்கே எந்தப் பாத்திரம் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு சண்டை வந்தது. குறட்டை விட்டாய். பாரம் என்று நான் சொன்னதெல்லாம் உண்மைதான். அதை நான் பத்து வருடம் சுமந்திருப்பேன்.

ஒரு ஞாயிறு உன்னைக் காரில் ஏற்றி தஞ்சோங் டாவாய்க்குப் போனேன். பிறந்ததிலிருந்து கெடா மாநிலத்திலேயே இருந்தும் நீ அந்தப் பக்கம் வந்ததே இல்லை என்றாய். நெத்திலி காயவைத்திருந்த தட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்துவைத்து, ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். படகுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. நானாகவே கேட்டேன்.

"திலகா எங்க போவா?"

நீ படகுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "இந்த மாதிரி எங்கியாச்சும். யாரையும் திட்டாமப் போவா. லெட்டர் எழுதி வைக்க மாட்டா. போன எடத்துல மொத நாளு நல்லாத் தூங்குவா. அவ்வளவுதான், அதுக்கு மேல நாடகம் காட்ட ஒண்ணும் இருக்காது." கொஞ்சம் யோசித்து, "அதனால அத எடுக்க மாட்டாங்க" என்றாய்.

அடுத்த வியாழன் காலை உனக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியங்களை உன் அண்ணன்தான் செய்தார். சுடலையிலிருந்து திரும்பும்போது என்னிடம் வந்து, "ஒங்க வீட்டுல நாடகம் பாத்துச்சா?" என்று கேட்டார்.

"பாத்துச்சு."

"எங்க வீட்டுலயும் பாத்திருக்கலாம். ஒரு வார்த்த கேக்கலியே." சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. உன்னைக் கேட்கவிடாமல் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

நாடகம் நீ போன மூன்றாம் மாதம் முடிந்தது. திலகா அண்ணி காலில் விழுந்து அழுதாள், மன்னித்துவிட்டார்கள். கடைசிக் காட்சியில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிட, அவள் சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் பரிமாறினாள். அதை நல்ல முடிவு என்று குழுவில் பூப் படமாகப் போட்டார்கள். லதா மட்டும், "அக்கா சொன்னது இந்தத் தடவ தப்பாயிருச்சு" என்று எழுதினாள். நான் ஏதோ எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். தப்பு உன்னுடையது இல்லை என்று அறுபது பேருக்கு எப்படி விளக்குவது?

பேருந்தில் இப்போது பேச்சு இல்லை. ஆளுக்கு ஒரு போன், காதில் ஆளுக்கு ஒரு ஒயர். அவரவர் அவரவர் நேரத்தில் அவரவர் தொடரைப் பார்க்கிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டால், முழுசும் வந்தாச்சே, பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நான் ஏழு மணிக்கு உட்கார்கிறேன். புதிய நாடகம் எதுவோ ஓடுகிறது. யார் தேநீரைக் குடித்தார்கள், யார் குடிக்காமல் வைத்தார்கள் என்று கண் தானாகக் கவனிக்கிறது. கவனித்ததைக் காலையில் யாரிடமும் சொல்வதில்லை.

போன ஞாயிறு மத்தியானம் ஜொகூரிலிருந்து மகள் அழைத்தாள். வழக்கமான விசாரிப்புகள் முடிந்து வைக்கப்போகிற நேரத்தில், "எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு மா," என்றாள். "சாப்பாட்டு நேரத்துல யாரோடயும் போக மாட்டா. கார்ல போய் உக்காந்து தனியாத்தான் சாப்புடுவா. அப்டி இருக்கறது தப்பா மா?"

அந்தப் பெண்ணுக்கு நாலு புத்திமதி என் வாய்வரை வந்துவிட்டது. எல்லாரோடும் கலந்து பழகச் சொல், கோயிலுக்குப் போகச் சொல் என்று. நான் அதை விழுங்கிவிட்டு, அடுப்பை அணைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"அந்தப் பொண்ணு நீயா ம்மா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் சாலையில் வண்டிகள் போவது மட்டும் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எப்டி மா தெரிஞ்சிச்சு?" என்றாள்.

நான் உன் பெயரைச் சொன்னேன்.